வலுசர்ப்பத்தை எடுத்துவிடச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சபைகளில் பாடல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

நான் கொடுத்த பாட்டுத்தாள் திரும்பி வந்தது. மூன்று இடங்களில் பென்சில் வட்டம். முதல் வட்டம் 'வலுசர்ப்பம்', அதாவது டிராகன், என்ற சொல்லைச் சுற்றி. இரண்டாவது 'தோல்'. மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்தியே போட்டிருந்தார்கள், 'உம் நகம்' என்ற இடத்தில். பக்கத்தில் ஒரு கேள்வி: "ஆண்டவருக்கு நகமா?" தாளின் அடியில் ஒரே ஒரு வரி: "கற்பனைக் கதைகளிலிருந்து எடுத்தவை ஆராதனைக்கு வேண்டாம்."

எந்தச் சபை, யார் எழுதியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வட்டம் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு பதிலை வாங்கிக்கொண்டு, பாட்டு எழுதுவதையே விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். சிலர் பாட்டை விடவில்லை, சபையை விட்டார்கள். அதனால்தான் இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1952ல் வெளியிட்ட நார்னியா கதையில் ஒரு பையன் வருகிறான். யாரோடும் ஒட்டாதவன், எதைக் கண்டாலும் குறை சொல்பவன். செத்துப்போன ஒரு வலுசர்ப்பத்தின் புதையல்மேல் படுத்து, பேராசை நினைப்போடு தூங்கிப்போகிறான். விழித்துப் பார்த்தால் அவனே வலுசர்ப்பமாகிவிட்டிருக்கிறான். தூங்குமுன் ஆசையாகக் கையில் மாட்டிய காப்பு இப்போது முன்னங்காலை இறுக்குகிறது. பிறகு ஓர் இரவு, ஒரு சிங்கம் வந்து அவனை மலைமேல் இருக்கும் கிணற்றுக்குக் கூட்டிப் போகிறது. தண்ணீரில் இறங்குமுன் உடுப்பைக் கழற்றச் சொல்கிறது. அவன் தன் நகத்தாலேயே பிறாண்டித் தோலை உரித்துப் போடுகிறான். உள்ளே இன்னொரு தோல். அதையும் உரிக்கிறான். அதற்குள்ளும் ஒன்று. மூன்று தடவை. கடைசியில் சிங்கம் சொல்கிறது, நான்தான் உரிக்க வேண்டும் என்று. அதன் நகம் முதலில் இறங்கியபோது நெஞ்சுக்குள்ளேயே போய்விட்டதுபோல் இருந்தது என்று பையன் பிறகு சொல்கிறான். அப்புறம் தண்ணீர். அப்புறம் மறுபடியும் பையன்.

குழந்தைகளுக்கு எழுதிய புத்தகம். நான் படித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. என் கோபத்தை விட்டுவிடுவதாக நான் எடுத்த தீர்மானங்களை அன்று எண்ணிப் பார்த்தேன். வருடப் பிறப்புத் தீர்மானம், உபவாசத் தீர்மானம், வீட்டில் அழவைத்துவிட்டு மன்னிப்புக் கேட்ட ராத்திரித் தீர்மானம். ஒவ்வொன்றும் உண்மையாகவே எடுத்ததுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னொரு தோல் இருந்தது. எத்தனையோ பிரசங்கம் கேட்டும் எனக்கு உறைக்காத ஒன்றை அந்தக் கிணற்றடியில் புரிந்துகொண்டேன். அன்றிரவே நான்கு வரி எழுதினேன்:

ஒரு தோல் உரித்தேன், உள்ளே ஒரு தோல்;
மறு தோல் உரித்தேன், மறைவாய் ஒரு தோல்.
என் நகம் போதவில்லை ஐயா, இனி
உம் நகம் படட்டும் ஆழம்வரை.

முதலில் 'களைந்தேன்' என்றுதான் எழுதியிருந்தேன். கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் "பழைய மனுஷனையும் அவன் செய்கைகளையும் களைந்துபோட்டு" என்று இருக்கிறதே, வேதத்தின் சொல்லாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். பாடிப் பார்த்தால் வலிக்கவே இல்லை. களைவது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதுபோலச் சுலபமாக இருந்தது. உரிப்பது அப்படி இல்லை. ஒட்டியிருப்பது பிய்கிறது. சொல்லிப் பாருங்கள், 'ரி'யில் நாக்கு உரசும், 'த்தே'யில் பிடுங்கும். சொல்லை மாற்றிய பிறகுதான் கவனித்தேன்: அதே நிருபத்தில் ஒரு அதிகாரம் முன்னால், கிறிஸ்து சிலுவையிலே துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் "உரிந்துகொண்டு" வெற்றி சிறந்தார் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நகத்துக்கு வருகிறேன். ஆண்டவருக்கு நகமா என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஓசியா 5ஆம் அதிகாரத்தின் கடைசியில் கர்த்தரே தம்மை எப்பிராயீமுக்குச் சிங்கம் என்கிறார், நானே பீறிவிட்டுப் போய்விடுவேன் என்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்குகிறது: "நம்மைப் பீறினார், அவரே நம்மைக் குணமாக்குவார்." பீறுகிற சிங்கத்துக்கு நகம் இல்லாமல் எப்படி? தீர்க்கதரிசி எழுதத் தயங்காததை நான் ஏன் 'கரம்' என்று மழுப்ப வேண்டும்? 'உம் கரம் படட்டும்' என்று மாற்றினால் பாட்டை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒருவர் பிறகு அன்பாகச் சொன்னார். இரண்டு நாள் அப்படிப் பாடிப் பார்த்தேன். வேறு ஆயிரம் பாட்டில் இருக்கும் வரியாகிவிட்டது. கரம் பட்டால் சுகம். நகம் பட்டால் முதலில் ரத்தம், அப்புறம் சுகம். நான் எழுத வந்தது இரண்டாவதைத்தான்.

'தோல்' வட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யோபு தன் தோல் அழுகிப்போன பின்பும் தேவனைப் பார்ப்பேன் என்று சொன்னதை நாம் அடக்க ஆராதனையில் வாசிக்கிறோம்.

வலுசர்ப்பம்? டிராகன் என்றே எழுதியிருக்கலாம், கதை பிடித்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். வேண்டுமென்றேதான் வெளிப்படுத்தல் 12ல் இருக்கும் சொல்லை எடுத்தேன். ஏழு தலை, பத்துக் கொம்பு, சிவப்பு நிறம், வாலால் நட்சத்திரங்களை இழுத்துத் தள்ளுவது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. யோபு 41 முழுக்க லிவியாதான் என்ற பயங்கரக் கடல் மிருகம். நியாயாதிபதிகள் 9ல் மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ராஜா தேடிப் போகின்றன. ஒலிவ மரமும் அத்தி மரமும் திராட்சச் செடியும் மாட்டேன் என்க, முட்செடி ஒத்துக்கொள்கிறது. நாத்தான் தாவீதிடம் நேராகக் குற்றத்தைச் சொல்லவில்லை. ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னான். ராஜா அந்தக் கதைக்குள் முழுதாக இறங்கி, கோபத்தில் தீர்ப்பும் சொன்ன பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" வந்தது.

லூயிஸ் 1956ல் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார். சின்ன வயதில் பக்தியாக உணர வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அந்தக் கட்டாயத்தாலேயே உணர்ச்சி உறைந்துபோனதாம். மனதின் வாசலில் விழித்துக் காவலிருக்கும் அந்த வலுசர்ப்பங்களைக் கதை மெல்லத் தாண்டிப் போகும் என்று அவர் நம்பினார். ஞாயிறு பள்ளியிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்தக் காவல் எவ்வளவு பலமானது என்று தெரியும். 'பாவம்', 'கிருபை', 'மீட்பு' என்ற சொற்களைப் பல்லாயிரம் தடவை பாடியிருக்கிறோம். அவை நாக்கில் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஒரு பாட்டு பக்கத்து வாசல் வழியாக வந்து அதே கிருபையைக் கையில் வைக்குமானால், அதை வாசலிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டுமா?

உங்களுக்கு முன்னால் ஒரு பாடல் குழு இதே வேலையைச் செய்திருக்கிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜான் பனியன், அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர், மோட்சப் பிரயாணத்தின் முதல் பாகத்தை 1678லும் இரண்டாம் பாகத்தை 1684லும் வெளியிட்டார். ராட்சதர்கள், பேய்கள், சிங்கங்கள் நிறைந்த கற்பனைக் கதை அது. வெளியிடுவதற்கு முன் நண்பர்களிடம் காட்டியபோது, சிலர் அச்சிடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். நன்மை செய்யும் என்றார்கள் சிலர், இல்லை என்றார்கள் சிலர். அதை அவரே முன்னுரைச் செய்யுளில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில் பயணி ஒருவனின் வீரத்தைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. சிங்கத்துக்கு அவன் பயப்பட மாட்டான், ராட்சதனோடு மோதுவான், குட்டிப்பிசாசும் தீய ஆவியும் அவனைக் கலங்கடிக்க முடியாது. 1906ல் ஆங்கிலத் திருச்சபைப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் அதைச் சேர்த்தபோது, தொகுப்பாசிரியர் பெர்சி டியர்மர் சிங்கத்தையும் குட்டிப்பிசாசையும் எடுத்துவிட்டு வேறு வரிகள் எழுதினார். ராட்சதர்கள் மட்டும் தப்பித்தார்கள். மெட்டு? நாட்டுப்புறப் பாட்டு ஒன்றிலிருந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எடுத்தது. அந்தத் திருத்தத்தோடு பாட்டு பரவியது, உண்மை. டியர்மர் இல்லாவிட்டால் அது சபைக்குள் வந்தே இருக்காதோ என்னவோ. ஆனால் பிறகு வந்த பாட்டுப் புத்தகங்கள் சில, பனியனின் பழைய வரிகளையே திரும்பச் சேர்த்தன. பயப்படுகிற பொருளின் பேரைச் சொல்லாமல் பயப்படாதே என்று பாடினால் பாட்டில் வலு இருக்காது. அதைச் சபைகளே கண்டுகொண்டன.

தமிழில் இந்த விவாதமே எழுந்திருக்கக் கூடாது என்றுகூட எனக்குத் தோன்றும். அதே பனியனின் கதையை எடுத்து, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894ல் இரட்சணிய யாத்திரிகமாகக் காப்பியம் பாடினார். மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது. கம்பனில் ஊறிய ஒருவர், ஓர் ஆங்கிலக் கனவுக் கதையை விருத்தத்தில் உருக்கி ஊற்றினார். நடுவே கதை நின்று, இசைப்பாடல்கள் எழும். அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயர் வைத்தார். கற்பனைக் கதையும் விசுவாசமும் பாட்டும் ஒரே இடத்தில் கூடியது நமக்குப் புதிதா? நூற்று முப்பது ஆண்டுகளாக நம் கையில் இருக்கிறது. நாங்கள் இப்போது கிட்டாரை வைத்துக்கொண்டு செய்வது அதன் சின்னப் பேரன் வேலைதான்.

இனி நான் அதிகம் நேசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை உங்களில் பலர் படமாகப் பார்த்திருப்பீர்கள். எல்ஃப்கள், மோதிரம், இருண்ட கோட்டை. அந்த உலகம் எதிலிருந்து முளைத்தது தெரியுமா? ஒரு சபைப் பாட்டிலிருந்து.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில், டிசம்பர் 17 முதல் 23 வரை, மேற்கத்தியத் திருச்சபை நாளுக்கு ஒன்றாக ஏழு சிறு பாடல்களைப் பாடிவந்தது. ஒவ்வொன்றும் கிறிஸ்துவை ஒரு பேரிட்டுக் கூப்பிட்டு, வாரும் என்று அழைக்கும். அதில் 21ஆம் தேதிக்குரியது அவரை உதயமே என்று கூப்பிடுகிறது. லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியா பாடும் "உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம்" நினைவுக்கு வருகிறதா? அந்த அழைப்புப் பாடல்களை வைத்துப் பழைய ஆங்கிலத்தில் யாரோ ஒரு கவிதை எழுதினார்கள். அதில் உதயத்துக்குப் போட்ட சொல் 'எயரெண்டல்', தூதர்களில் மிகப் பிரகாசமானவன் என்ற அடைமொழியோடு. மாணவராக இருந்த டோல்கீன் அந்த வரியைப் படித்தார். அந்தப் பேர் அவரைப் பிடித்துக்கொண்டது. 1914 செப்டம்பரில், உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், எயரெண்டல் என்ற மாலுமி வானத்தில் கப்பல் ஓட்டிப் போவதாக ஒரு கவிதை எழுதினார். அவருடைய மொத்தப் புராணமும் அந்தக் கவிதையைச் சுற்றி வளர்ந்தது. நாற்பது வருடம் கழித்து, 1954ல் வெளிவந்த கதையில், சிலந்தியின் இருட்டுக் குகைக்குள் இரண்டு சின்ன மனிதர்கள் ஒரு கண்ணாடிக் குப்பியை உயர்த்திப் பிடிக்கிறார்கள். அதற்குள் இருப்பது அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம்.

சபை பாடியது, கவிஞன் கேட்டான், கதையானது. அந்தக் கதையைப் படித்த ஒருவன் அதைத் திரும்பப் பாட்டாக்கிச் சபை வாசலில் கொண்டுவந்து நிற்கிறான். அது அந்நியச் சரக்கு என்று சொல்லாதீர்கள். வீட்டைவிட்டுப் போன பிள்ளை அது, திரும்பி வருகிறது.

டோல்கீன் சிறு வயதிலிருந்து கடைசிவரை கத்தோலிக்க விசுவாசி. 1953ல் நண்பரான ஒரு இயேசு சபைத் துறவிக்கு எழுதிய கடிதத்தில், தன் கதை அடிப்படையிலேயே சமயம் சார்ந்தது என்று எழுதினார்; முதலில் தெரியாமலே அப்படி அமைந்தது, திருத்தும்போது தெரிந்தே செய்தேன் என்றார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. காபிரியேல் மரியாளிடம் வந்த நாளாகச் சபை வைத்திருக்கும் தேதி அது. பழைய மரபு ஒன்று சிலுவையின் நாளாகவும் அதையே சொல்லும். கதையில் எங்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தேதி மட்டும் இருக்கிறது, கண்டவன் காணட்டும் என்று.

இந்தக் கதைகளில் மந்திரம் வருகிறதே என்ற உங்கள் பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. உபாகமம் 18 எனக்கும் வேதம்தான். குறி கேட்பது, செய்வினை, இறந்தவர்களோடு பேசுவது இவற்றை மெச்சும் பாட்டை யார் கொண்டுவந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஆனால் இந்தக் கதைகளைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். மோதிரம் என்பதே மற்றவர் மனதை அடக்கி ஆளும் ஆசை. நல்லவன் கையில் கொடுத்தால் நல்லதுக்குப் பயன்படுமே என்று கேட்கிறார்கள். ஞானம் உள்ளவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள். வனாந்தரத்தில் நம் ஆண்டவர் உலகத்தின் ராஜ்யங்களை மறுத்த காட்சிக்கு இதைவிட நெருக்கமான கதையை நான் படித்ததில்லை.

இன்னொன்று. இந்த இருவருமே தங்கள் உலகம் தோன்றியதை ஒரே மாதிரி எழுதினார்கள். டோல்கீனின் உலகம் பாட்டாகத்தான் தொடங்குகிறது. அதில் ஒருவன் அபஸ்வரமாகத் தன் குரலை உயர்த்த, அந்த அபஸ்வரத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு இன்னும் ஆழமான மெட்டு எழுகிறது. லூயிஸின் சிங்கம் 1955ல் வந்த கதையில் இருட்டுக்குள் பாடிக்கொண்டே வருகிறது. பாடப்பாட நட்சத்திரம், மலை, புல், மிருகம். இருவருக்கும் யோபு 38 தெரியும்: "விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஏகமாய்ப்பாடி." பாட்டிலேயே தொடங்கும் கதைகள் இவை. இவற்றைப் படித்துவிட்டுப் பாடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சரி, எல்லாப் பாட்டையும் ஞாயிறு காலையில் பாட வேண்டும் என்றா கேட்கிறேன்? இல்லை. இதில் உங்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது.

சபையாகப் பாடுகிற பாட்டு, கதை படிக்காத பாட்டிக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும், அன்று முதல் தடவை உள்ளே வந்தவருக்கும் வாயில் வர வேண்டும். ஸ்வர எல்லை அகலமாக இருக்கக் கூடாது. சொல்வது யாருடைய விசுவாசம் என்று குழப்பம் இருக்கக் கூடாது. என் பாட்டுகளில் பாதி இந்தச் சோதனையில் தேறாது, எனக்கே தெரியும். நல்ல பாட்டு வேறு, சபைப் பாட்டு வேறு. லூயிஸே சபைப் பாட்டுகளைப் பிடிக்காதவர். ஐந்தாம் தரக் கவிதையை ஆறாம் தர மெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததாக 1944ல் ஒரு கேள்வி-பதில் கூட்டத்தில் ஒத்துக்கொண்டார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. எதிர் வரிசையில் சாதாரணக் காலணி போட்ட ஒரு வயதான விசுவாசி அதே பாட்டை முழு மனதோடு பாடுவதைப் பார்த்தபோது, அந்தக் காலணியைத் துடைக்கக்கூடத் தனக்குத் தகுதி இல்லை என்று புரிந்தது என்றார். பாட்டு எழுதுகிற எங்களில் ஒவ்வொருவரும் இதை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவருக்குப் பிடித்த பழைய பாட்டின் இடத்தை என் பாட்டு பிடுங்குவதை நான் விரும்பவில்லை.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கதாபாத்திரங்களின் பேரை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு அல்லேலூயா ஒட்டினால் பாட்டாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் ரசிகர் பாட்டு. அதற்கு எதிர்த்திசையில், சிங்கம் என்றால் இயேசு, மோதிரம் என்றால் பாவம், மலை என்றால் கல்வாரி என்று விடைத்தாள் போடுகிறவர்கள். டோல்கீனுக்கு இந்த ஒன்றுக்கு ஒன்று உருவகமே பிடிக்காது. வாசகன் தன் வாழ்க்கையில் தானே பொருத்திப் பார்ப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. லூயிஸும் தன் சிங்கத்தை உருவகம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஓர் உலகம் இருந்து, அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்ற கேள்வியிலிருந்து வந்தது என்றார். என் அனுபவத்தில், கதையிலிருந்து எதையாவது எடுத்தால் ஒரே ஒரு செயலை எடுக்க வேண்டும். உரிப்பது. மோதிரம் சுமப்பவனைச் சுமப்பது. குப்பியை உயர்த்துவது. பேர்களை விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் கதை தெரியாதவருக்கும் பாட்டு தனியாக நிற்கும், தெரிந்தவருக்கு இன்னொரு கதவும் திறக்கும். சட்டத்துக்கும் அதுதான் நல்லது. பல நாடுகளில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை காப்புரிமை உண்டு. லூயிஸ் 1963லும் டோல்கீன் 1973லும் காலமானார்கள். அவர்களுடைய வரிகளை அப்படியே மெட்டில் போட்டுவிட்டு, ஆண்டவருக்காகத்தானே பாடினேன் என்று சொன்னால் எடுபடாது. மூலத்தைப் படித்துவிட்டு மூடிவைத்து, நம் வாயால் எழுத வேண்டும்.

குப்பியைப் பற்றி எழுதிய பாட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம். குகைக்குள் நடக்கிற பாட்டு என்பதால் சோகம் தொனிக்கும் ஈ மைனரில் போட்டேன். நான்கு சரணம். வெளிச்சம் கேட்டுக் கேட்டு, கடைசிச் சரணம்வரை கிடைக்காது. டோல்கீன் 1939ல் ஒரு சொற்பொழிவில், எல்லாம் முடிந்தது என்ற இடத்தில் யாரும் எதிர்பாராமல் வரும் நல்ல திருப்பத்தைப் பற்றிப் பேசினார். அது பின்னால் அச்சில் வந்தபோது, உயிர்த்தெழுதலே அப்படிப்பட்ட திருப்பம் என்று எழுதி முடித்தார். அதைச் சொற்களில் எழுத ஒரு மாதம் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் பிரசங்கமாகிவிட்டது. கடைசியில் சொல்லை விட்டுவிட்டேன். கடைசி வரி முதல் வரியேதான், அதே கேள்விதான். கார்டை மட்டும் மலர்ச்சியாக ஒலிக்கும் ஈ மேஜராக மாற்றினேன். மைனரில் போகிற பாட்டை மேஜரில் முடிப்பது பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே தேவாலய இசையில் இருக்கும் வழக்கம். கிட்டாரில் அதற்கு ஒரு விரல் போதும்: ஆள்காட்டி விரலை மூன்றாவது கம்பியின் முதல் கட்டத்தில் வைத்தால் சரி. நம் சங்கீதத்தில் சொன்னால், சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. அரை ஸ்வரம். வீட்டில் இருட்டில் உட்கார்ந்து முதல் தடவை அந்த விரலை வைத்தபோது நான் அழுதேன்.

உரிக்கும் பாட்டை, தாள் திரும்பி வந்த பிறகு, ஒரு சின்ன வீட்டுக் கூட்டத்தில் பாடினேன். பத்துப் பன்னிரண்டு பேர். முடிந்ததும் ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்தார். நார்னியா என்ற பேரையே அவர் கேள்விப்பட்டதில்லை. "தம்பி, மூணு தடவை உரிச்சும் போகலைன்னு பாடுனீங்களே, அந்தத் தாள் குடுப்பீங்களா?" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். பென்சில் வட்டங்கள் இருந்த தாள்தான், வேறு பிரதி என்னிடம் அன்று இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அது என்ன சொல்கிறது, அதில் என்ன குறை என்று சொல்லுங்கள். தாளம் தட்டுகிறது, இரண்டாம் சரணம் உபதேசத்துக்கு விரோதம், சபையால் பாட முடியாத உயரம், எதுவானாலும் கேட்டுக்கொள்கிறோம், திருத்தி எழுதுகிறோம். ஞாயிறு ஆராதனையில் இடம் இல்லையென்றால், மாதத்தில் ஒரு மாலை புதுப் பாட்டுகளுக்கென்று ஒதுக்குங்கள். போதகரும் வந்து உட்காரட்டும். பாடியவர் எந்தக் கதையிலிருந்து எடுத்தார், வேதத்தில் எதைப் பிடித்துக்கொண்டு எழுதினார் என்று இரண்டு நிமிடம் சொல்லட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். முக்கியமாக, பதினாறு பதினேழு வயதில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வலுசர்ப்பம் வரைந்து, பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொண்டுவரும் பிள்ளையை முதலில் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஜார்ஜ் மெக்டொனால்டு என்ற போதகரின் பிரசங்கம் பிடிக்காமல் அவருடைய சபைப் பொறுப்பாளர்கள் சம்பளத்தைக் குறைத்தார்கள். 1853ல் அவர் விலகினார். ஐந்து வருடம் கழித்து அவர் எழுதிய கற்பனைக் கதையை 1916ல் ஒரு ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் வாங்கினான் பதினேழு வயதுப் பையன் ஒருவன், அப்போது நாத்திகன். தன் கற்பனைக்கு அன்று ஞானஸ்நானம் கிடைத்தது என்று பின்னால் எழுதினான். அவன்தான் லூயிஸ்.

உரிக்கும் பாட்டின் திருத்திய பிரதியை இந்த மடலோடு உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். பல்லவியின் உயரத்தைச் சபைக்காக ஒரு ஸ்வரம் இறக்கிவிட்டேன். மூன்றாம் சரணத்தில் தாளம் தட்டிய இடத்தைச் சரிசெய்துவிட்டேன். ஓசியா வசனத்தைத் தலைப்புக்குக் கீழே எழுதியிருக்கிறேன். நகம் அப்படியே இருக்கிறது. அடுத்த பயிற்சிக்கு வரச் சொன்னால் கிட்டாரோடு வருகிறேன். குப்பிப் பாட்டையும் பாடிக் காட்டுகிறேன், அதற்கு விளக்கை மட்டும் கொஞ்ச நேரம் அணைக்க வேண்டியிருக்கும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
பாட்டு எழுதுகிறவன்